ஸ்டெப்னி இல்லாத வண்டி

ஆளைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஆள் வந்த வண்டியின் டயரைப் பார்ப்பார் டிரைவரண்ணன். பார்ப்பதோடு விடமாட்டார். குனிந்து கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் "வாங்க" என்பார். பஞ்சு ஏற்றி வருகிற லாரி, ஷிப்டுக்கு வரும் பெண்களின் சைக்கிள், ஆடிட்டருடைய கார் எல்லாமே அந்த விரலுக்கு ஒன்றுதான். மில்லில் வருகைக் கணக்கு எழுத நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டைம் ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்தினேன். யாரோ ஒருவர் என் பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"காத்து கம்மியா இருக்கு அப்பு. தனியா வந்ததால தப்பிச்ச. நாளைக்கு யாரையும் ஏத்திட்டு வந்துராத."

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எழுந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்களின் முகம் மாதிரி இருந்தது. ஆனால் அவருக்கு இரவு ஷிப்டே கிடையாது என்று பிறகு தெரிந்தது.

அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் நூல் மில்லில் அதை யாரும் புழங்கியதில்லை. முதலாளிக்கு அவர் டிரைவர், மற்ற எல்லோருக்கும் டிரைவரண்ணன். வெகுகாலம் மில் பஸ் ஓட்டியவர். அவர் பஸ்ஸில் வந்த பெண்கள், ஒரு நாய்க்குட்டியின் வால்கூட அவர் சக்கரத்தில் பட்டதில்லை என்பார்கள். அந்த நல்ல பெயர்தான் அவரைப் பிடித்து ஆட்டியது. முதலாளியின் இளைய மகனை நாங்கள் சின்னவர் என்போம். அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அதைப் பராமரிக்க நிதானமான ஆள் வேண்டும் என்று இவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஓட்டுவது சின்னவர் மட்டும்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அல்லது சிநேகிதர்கள் யாராவது வந்தால். மற்ற நாளெல்லாம் அது மில்லுக்குள் ஒரு தகரக் கொட்டகையில் உறை போட்டு நிற்கும். தரையோடு தரையாகப் படுத்திருக்கிற வண்டி. டயர் என்று பார்த்தால் அகலம் ஒரு முழம் இருக்கும், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ரப்பர் நாலு விரல்கூட இருக்காது.

வண்டி வந்த அன்று டிரைவரண்ணன் பின்கதவைத் திறந்து துழாவினார். முன்பக்கம் திறந்து துழாவினார். அடியில் படுத்துப் பார்த்தார்.

"தம்பி, ஸ்டெப்னியை எங்க வச்சிருக்காக?"

சின்னவர் சிரித்தார். "இதுல ஸ்டெப்னி கெடையாதுண்ணே. வெயிட்டு கூடிரும்ல." ஒரு டப்பாவையும் கைக்கடக்கமான பம்பு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். "பஞ்சர்னா இந்த மருந்தை உள்ள விட்டுக் காத்தடிச்சா கடை வரைக்கும் போயிரும்."

"சைடு கிழிஞ்சா?"

"கிழியாம நீங்க பாத்துக்கங்க."

சின்னவர் அதை விளையாட்டாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். டிரைவரண்ணன் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கொட்டகையிலேயே நின்றிருந்தார். அன்றைக்குப் பிடித்த களைப்பு அவரை விடவே இல்லை என்று நினைக்கிறேன்.

முதல் முறை காற்று இறங்கியது ரோட்டில் இல்லை. கொட்டகையிலேயே. பத்திரமாகப் போர்த்தி வைத்திருந்த வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆணி இல்லை, முள் இல்லை, கீறல்கூட இல்லை. என்னிடம் வந்தார்.

"நீ படிச்ச புள்ளை. செல்லுல பாத்துச் சொல்லு. ஓடாத வண்டிக்கு எப்பிடிய்யா காத்து எறங்கும்?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியும் படித்தவன் நான் ஒருவன்தான். யாராவது 'படிச்ச புள்ளை' என்று ஒன்றைக் கேட்டுவிட்டால் அரைகுறையாகப் பதில் சொல்லக் கூசும். கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், தகரக் கொட்டகைச் சூட்டில் வால்வு ரப்பர் காய்ந்து காற்றைக் கசிய விடும், ரிம்மின் விளிம்பு அரித்துப் பூப்பூத்தாலும் கசியும். எல்லாவற்றையும் தமிழில் சொல்லிப் புரியவைத்தேன்.

பொறுமையாகக் கேட்டார். "நின்னாலும் குத்தம், ஓடுனாலும் குத்தமாக்கும்" என்றார்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வண்டியை ஒரு சாண் முன்னால் தள்ளினார். மாலையில் ஒரு சாண் பின்னால் தள்ளினார். கொட்டகைக் கூரையில் தென்னங்கீற்று வேய்ந்து தினமும் தண்ணீர் தெளித்தார். நான் தேடிப் படித்துச் சொன்னதெல்லாம் அவருடைய வேலையில் போய் ஏறிக்கொண்டது.

"ஏண்ணே, ஒருநாள் தள்ளாட்டித்தான் என்ன?" என்று கேட்டிருக்கிறேன்.

"லாரி டயருன்னா டொம்முனு வெடிச்சு ஊரைக் கூட்டிரும் அப்பு. இது சொல்லாமக் கொள்ளாமல்ல போவுது."

இரண்டாவது முறை முதலாளி வீட்டுப் போர்டிகோவில். ஏற்றத்துக்குச் செதுக்குக்கல் பதித்திருந்தார்கள். அதன் விளிம்பில் டயரின் பக்கம் உரசி வாய் பிளந்துவிட்டது. விசேஷத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் வண்டி வாசலிலேயே உட்கார்ந்தது. பிறகு சிறுமலை. சின்னவர் சிநேகிதர்களோடு மலையேறியிருக்கிறார். மழைக்கு ரோட்டோரம் அரித்துப்போன ஒரு வளைவில் எதிரே வாழைக்காய் ஏற்றிய வண்டி வந்திருக்கிறது. ஒதுங்கியபோது சக்கரம் பள்ளத்தின் விளிம்பில் அடித்திருக்கிறது. பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிய ரப்பர் உள்ளே நூல் அறுந்து, பக்கவாட்டில் குரும்பை அளவுக்குப் புடைத்துவிட்டது. நல்ல வேளை, வெடிக்கவில்லை.

டிரைவரண்ணன் அந்த வண்டியில் போகவே இல்லை. மலைக்கு வேண்டாம் தம்பி என்று சொல்லியும் இருந்தார். ஆனாலும் முதலாளி கூப்பிட்டு நிறுத்தியது அவரைத்தான். நான் வருகைக் கணக்கைக் காட்டுவதற்காக அறைக்குள் நின்றிருந்தேன்.

"இன்னொரு தடவை எம்மகன் நடுரோட்டுல நின்னான்னு வையி, நீ குவார்ட்டர்ஸக் காலி பண்ணிட்டுப் போய்க்கிட்டே இரு. ஆமா, சொல்லிப்புட்டேன்."

"சரிங்க மொதலாளி."

குவார்ட்டர்ஸ் என்றால் மில்லின் பின்புறம் இருந்த ஓட்டு வீடு. மில் வாசலில் நிற்கிற டவுன் பஸ்ஸைப் பிடித்துத்தான் அவர் மகள் பள்ளிக்கூடம் போனாள். அந்த வருடம் அவள் பிளஸ் டூ. "இந்தப் பரீட்சை ஒண்ணு முடிஞ்சிரட்டும் அப்பு. அப்பறம் எங்க போகச் சொன்னாலும் போறேன்" என்பார். அதற்கு மேல் அவர் எதையும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

முதலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூலி கொடுப்பதில் நியாயமானவர். ஆனால் எந்த நேரமும் யாரோ தனக்குக் கேடு செய்கிறார்கள் என்ற பயம் உள்ளவர். ஒரு முறை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சிவப்புத் துணியில் முடிந்த ஏதோ கிடந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. செய்வினை என்றார் முதலாளி. அந்தப் பக்கம் கூட்டுகிற அம்மாவை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா தன்னிடம் எதுவும் இல்லை என்று கேட்டுக்கு வெளியே சேலையை உதறி உதறிக் காட்டிக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவர் பெயர் அந்த வட்டாரத்தில் அப்படியே கெட்டுப்போனது. வேறு மில்லிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

சிறுமலைக்குப் பிறகுதான் டிரைவரண்ணன் ரோட்டை நடந்து பார்க்க ஆரம்பித்தார்.

சின்னவர் ஞாயிறு போகப்போகிறார் என்றால் இவர் விடிந்ததும் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மில் கேட்டிலிருந்து நாலு வழிச்சாலை போய்ச் சேருகிற வரை பாதி ஓட்டுவார், பாதி தள்ளிக்கொண்டு நடப்பார். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் ஆணி, போல்ட்டு, உடைந்த பாட்டில் சில்லு, வேலிக்கருவை முள் எல்லாம் பொறுக்கிப் போடுவார். பள்ளம் இருந்தால் அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுவார். வெள்ளையடிக்காத வேகத்தடைக்கு இவரே கோடு இழுப்பார். மந்திரி வருகிற ரோட்டுக்குத்தான் அப்படிச் சுண்ணாம்பு போடுவார்கள். டீக்கடையில் இருப்பவர்கள் விடுவார்களா?

"என்ன டிரைவரே, யாரு வாராக? கொடி கட்டணுமா?"

"நாலு சக்கரம் வருது. வழிய விடுங்க."

"அந்தக் காருக்கு நீ நடக்குறதுக்கு, உன்னைத் தூக்கிக்கிட்டு அந்தக் காரு ஒருநா போயிருக்கா?"

அவர் டீயை ஊதி ஊதிக் குடிப்பார். அந்தக் காரின் சீட்டில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உறையை எடுத்துத் துடைக்கிறபோதுகூட ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே துடைப்பார். பஸ்ஸில், ஆட்டோவில், என் பைக்கின் பின்னால் என்று எதில் ஏறினாலும் தூங்கமாட்டார். கண் ரோட்டிலேயே இருக்கும். "லேய், பள்ளம்!" என்று என் தோளைப் பிடித்து அழுத்துவார். என்னை அவர் 'லேய்' என்று கூப்பிட்டது அந்தச் சமயங்களில் மட்டும்தான்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மில்லே மாவிலையும் சந்தனமுமாக இருந்தது. மில் வளாகத்து அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை கோத்தது பாண்டியம்மா அக்கா. கழிவுப் பஞ்சு மூட்டை தைக்கிற பிரிவில் இருந்தவர், முன்பு டிரைவரண்ணன் பஸ்ஸில் வந்து போனவர். மாலை கோக்கத் தனியாக ஊசிக்கு எங்கே போவது? மூட்டை தைக்கிற கோணி ஊசியிலேயே கோத்தார். நானும் டிரைவரண்ணனும் பக்கத்தில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தோம்.

"அடக் கடவுளே, ஊசி முறிஞ்சு போச்சு" என்றார் பாண்டியம்மா அக்கா. கையில் முக்கால் ஊசி இருந்தது. "முனையக் காணோமே. யாரு கால்லயாவது குத்திரப் போவுது, தம்பி, செத்த பாருங்க."

மூன்று பேரும் தரையைத் தடவித் தடவித் தேடினோம். டிரைவரண்ணன் ரோட்டில் ஆணி பொறுக்க வைத்திருந்த காந்தத்தைக் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. மாலை அம்மன் கழுத்துக்குப் போய்விட்டது.

பூஜை முடிந்தது. பூசாரி மாலையிலிருந்து பழங்களை உருவி, லாரிக்கு, பஸ்ஸுக்கு, காருக்கு என்று கொடுத்தார். வழக்கம்போல நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு பழமாக வைத்தார் டிரைவரண்ணன். காலையிலேயே ரோடு முழுக்க நடந்து வந்திருந்தார். நாலு டயரையும் அழுத்திப் பார்த்திருந்தார். பழத்தை மட்டும் அழுத்திப் பார்க்கவில்லை. அம்மன் கழுத்திலிருந்து வந்ததை யார் சோதிப்பார்கள்? கண்ணில் ஒற்றித்தான் வைத்தார். சின்னவர் வண்டியை நகர்த்த, நாலு பழமும் நசுங்கிச் சாறு தெறித்தது. எல்லோரும் கை தட்டினோம்.

"ரோடு எப்பிடிண்ணே?" என்று கேட்டார் சின்னவர்.

"சுத்தமா இருக்கு தம்பி. தைரியமாப் போங்க."

வெயில் தாழ்வதற்குள் போன் வந்தது. திண்டுக்கல்லுக்கு முன்னால் பைபாஸ் பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. டயர் கம்பெனியோடு பேச ஆள் வேண்டும் என்று என்னையும் போகச் சொன்னார்கள். என் பைக்கில் போனோம். வழியெல்லாம் அவர் ஒரு பள்ளத்துக்குக்கூட என் தோளை அழுத்தவில்லை.

பின்பக்க டயர் கந்தல் துணி மாதிரி ரிம்மைச் சுற்றித் தொங்கியது. மாலை போட்ட கார். எதிரே போகிற பஸ்காரர்கள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"காத்து கம்மின்னு லைட்டு எரிஞ்சுச்சுண்ணே" என்றார் சின்னவர். அவரும் பயந்துதான் போயிருந்தார். "நீங்கதான் ரோடு சுத்தம்னு சொன்னீங்களே, லைட்டுதான் கோளாறுன்னு ஓட்டிட்டேன்."

காற்றுக் குறைந்த டயரில் அவர் விரட்டியிருக்கிறார். அந்த மெல்லிய ரப்பர் ரிம்மின் அடியில் மாட்டி அரைபட்டுச் சூடேறிக் கிழிந்திருக்கிறது. அது அவர் தவறு என்று டிரைவரண்ணன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழக்கத்தில் கட்டைவிரலை வைத்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. குறட்டால் பிடித்து இழுத்தார். சின்னவர் அந்தப் பக்கம் திரும்பிப் போனில் இருந்தார். நான் மட்டும் பார்த்தேன்.

முனை தட்டையாக, லேசாக வளைந்து இருந்தது. மில்லில் வேலை செய்கிற யாருக்கும் அது என்னவென்று தெரியும். அவர் என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குள் முதலாளியின் கார் வந்து நின்றது. இறங்கினார். டயரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பூஜை போட்ட அன்றைக்கே இப்படி ஆகிவிட்டதே என்பது முகத்தில் தெரிந்தது.

"என்னய்யா குத்துச்சு?"

"ஆணிங்க மொதலாளி."

"எங்க இருந்த ஆணி?"

"ரோட்டுல கெடந்ததுங்க. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

"காலைல நடந்து பாத்ததாச் சொன்னாகளே?"

"பாத்தேனுங்க. கண்ணுல படல. வயசாயிருச்சு."

முதலாளி டயரை இன்னொரு முறை பார்த்தார். யாரோ செய்ததாக இருக்கக்கூடாது, வெறும் ஆணியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரும் விரும்பியிருப்பார் போலிருக்கிறது. முகம் தெளிந்தது. தெளிந்த பிறகு கோபம் வந்தது.

"மாசக் கடைசிக்குள்ள கணக்கை முடிச்சுக்கிட்டு வீட்டைக் காலி பண்ணிரு."

"சரிங்க மொதலாளி."

திரும்பி வரும்போது என்னால் அடக்க முடியவில்லை. பைக்கை ஓரம் கட்டினேன்.

"உள்ளதைச் சொல்லியிருக்கலாம்லண்ணே. உங்க மேல என்ன தப்பு? ரோட்டுல ஒரு குண்டூசிகூட இல்ல. எனக்குத் தெரியும்."

"உள்ளதுன்னா எது அப்பு?" என்றார். குரல் ரொம்பத் தணிவாக இருந்தது. "எலுமிச்சம் பழத்துல ஊசி. மகன் காருக்கடியில வச்சிருந்துச்சு. அவுககிட்டப் போயி இதைச் சொன்னா அவுகளுக்கு என்னன்னு கேக்கும்? மாலை கோத்தது யாருன்னு கேப்பாக. அந்தப் புள்ளை கேட்டுக்கு வெளிய நின்னு சேலையை உதறணும்."

"உங்க மக பரீட்சை?"

"எரியோட்டுல மச்சான் வீடு இருக்கு. அங்கேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வருவா. வந்துருவா. அது கஷ்டந்தான். ஆனா, அது கஷ்டத்தோட போயிரும்." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "ஆணின்னா ஆணியோட போச்சு. வண்டிய எடு."

இருட்டுவதற்குள் செய்தி மில் முழுக்கப் பரவிவிட்டது. ரோட்டை நடந்து பார்க்கிற மனுஷன் ஒரு ஆணியைப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று. டீக்கடையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். "கண்ணாடி போட்டுட்டு நடங்க டிரைவரே." அவரும் கூடச் சேர்ந்து சிரித்ததைப் பார்த்தேன். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீடு காலி செய்கிற அன்று வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. பீரோ, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ஏற்றி, மேலே மகளின் புத்தகப் பையைக் கயிற்றில் சேர்த்துக் கட்டினோம். மனைவியும் மகளும் முன்பே பஸ்ஸில் போய்விட்டார்கள். பாண்டியம்மா அக்கா ஷிப்டு இடைவெளியில் ஓடி வந்தார். முந்தானையில் எலுமிச்சம்பழம் முடிந்து வந்திருந்தார்.

"புது எடத்துக்குப் போறீக. வெறும் வண்டியில போகாதீகண்ணே. அம்மன் காலடியில வச்சு எடுத்தாந்தேன், சக்கரத்துக்கு வச்சுட்டுப் போங்க."

டிரைவரண்ணன் ஒரு பழத்தை வாங்கினார். கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். அடி, தலை, இடுப்பு என்று ஒரு இடம் விடாமல். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்துவிட்டது.

"நல்ல பழந்தான் ஆத்தா. சக்கரத்துக்கு வேணாம். போயி சாறு புழிஞ்சு குடிச்சுக்கிறேன்" என்று பையில் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊசி முனை கடைசி வரைக்கும் கெடைக்கலண்ணே" என்றார் அக்கா. "யாரு காலப் பதம் பாத்துச்சோ."

"யாரு காலுலயும் குத்தல. நீ வேலையப் பாரு, போ."

நான் குட்டியானையின் டயரைப் பார்த்தேன். பின்பக்கம் இடது சக்கரத்தில் காற்றுக் குறைவுதான், பாரம் ஏறியதும் நன்றாகவே பிதுங்கியிருந்தது. அவரும் பார்த்தார். குனியப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குனியவில்லை. கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி, காலை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"வாரேன் அப்பு."

வண்டி நகர்ந்தது. கேட்டை ஒட்டி ஒரு வேகத்தடை உண்டு. மாதக்கணக்காக அவர் சுண்ணாம்புக்கோடு இழுத்துப் பாதுகாத்த வேகத்தடை. கோடு அழிந்துவிட்டிருந்தது. ஓட்டியவனுக்குத் தெரியவில்லை. வண்டி தூக்கிப் போட்டது. பாத்திரமெல்லாம் ஒரே சத்தமாக இரைந்தது. ஜன்னல் வழியே தெரிந்த டிரைவரண்ணனின் தலை கம்பியில் ஒரு முறை இடித்து, பழையபடி சாய்ந்தது.

அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. தூங்கிவிட்டிருந்தார்.